பாட்டில்லாமல் சுற்றிய விசிறி

அத்தியாயம் 6

“ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டது குத்தமாக்கா?”

கினெடிக் ஹோண்டா ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்தபடி, கூட வேலை செய்யும் நூகு இதைக் கேட்பது எத்தனையாவது தடவை என்று பார்கவி எண்ணுவதை விட்டுவிட்டாள். ஆற்றுப் பாலத்தின் நடுவில் ஒரு வைக்கோல் லாரி குறுக்கே நின்று கொண்டிருந்தது. முன்னால் பஸ், பின்னால் பஸ். கீழே தாமிரபரணி மட்டும் யாருக்கும் காத்திராமல் போய்க்கொண்டிருந்தது.

“கேட்டது குத்தமில்லை. கேட்ட வீடுதான் தப்பு” என்றாள் பார்கவி.

“நல்லா இருக்கு உங்க நியாயம். அந்த வெந்நீரைக் குடிச்சிருந்தாக்கூட வயித்துக்கு நல்லதுன்னு விட்டிருப்பாவ. காருக்குக் கொடுத்தேன்னு சொன்னதுலதான் மச்சான் மாட்டிக்கிட்டாவ.”

நூகுவின் வாய் இப்படித்தான். மனசு பதறினால் இன்னும் வேகமாக ஓடும். இன்று அது ஓடிய ஓட்டத்துக்குக் காரணம் இருந்தது.

மச்சான் என்பது முகம்மது மைதீன், நூகு ‘லாத்தா’ என்று கூப்பிடும் அக்காவின் புருஷன். வண்ணார்பேட்டையில் கார்களுக்கு வயரிங் செய்கிறவன். துபாயில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து, இன்று ராத்திரி திருவனந்தபுரத்தில் விமானம் ஏற வேண்டியவன். இப்போது போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

நேற்றுக் காலை தச்சநல்லூர் கார்த்திகேசன் வீட்டில் அவனுக்கு வேலை. அண்ணாச்சியின் கான்டெசா காரில் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று உண்டு. பாட்டைக் கூட்டி வைத்தால் கொதிக்கும். கொதித்தால் பாட்டு நின்றுவிடும். சூடு ஏறினால் தானாகவே சுற்றி அதை ஆற்றுகிற மாதிரி இரண்டு சின்ன விசிறிகள் பொருத்தப் போனான். வேலை முடியும் நேரத்தில் அடுக்களைப் பக்கம் போய் வெந்நீர் கேட்டான். அடுக்களையை ஒட்டித்தான் பூஜை அறை. நேற்று ராத்திரி பூஜை அலமாரியைத் திறந்து பார்த்தால், பரம்பரையாக வந்த சிவப்புக்கல் அட்டிகையைக் காணோம். முந்தாநாள் நடந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்காக பாங்க் லாக்கரில் இருந்து எடுத்து வந்த நகை. வீட்டுக்குள் வந்த வெளியாள் மைதீன் ஒருவன்தான்.

இன்ஸ்பெக்டர் சுவிசேஷமுத்து கெட்டவர் இல்லை. “பொழுது சாயுற வரைக்கும் பொறுக்கேன்மா. அதுக்கு மேல எஃப்.ஐ.ஆர். போடாம இருக்க முடியாது” என்று பார்கவியிடம் சொல்லியிருந்தார். எஃப்.ஐ.ஆர். விழுந்தால் பாஸ்போர்ட் போலீஸ் கையில். விமானம் மைதீன் இல்லாமல் பறக்கும். வேலை வேறொருவனுக்குப் போகும்.

வைக்கோல் லாரி நகர்ந்தது. பார்கவி ஆக்சிலேட்டரைத் திருகிய வேகத்தில் நூகுவின் அடுத்த கேள்வி காற்றோடு போயிற்று.

*

கார்த்திகேசன் வாசலிலேயே நின்றார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறையத் தூக்கமின்மை. பக்கத்தில் அவருடைய தம்பி ஞானசம்பந்தன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார்.

“இன்ஷூரன்ஸ் கம்பெனியில துப்பு துலக்கிட்டிருந்த பொண்ணு நீதானா?” என்றார் ஞானசம்பந்தன். “இங்கன துலக்க என்னம்மா இருக்கு? வயர் வேலைக்கு வந்தவன் வெந்நீர் எதுக்குக் கேட்டான்? அதைச் சொல்லு, போதும்.”

“சொல்லத்தான் வந்தேன். முதல்ல பூஜை அறையைப் பார்க்கலாமா?”

பூஜை அறை சின்னது. மர அலமாரி, உள்ளே நடராஜர் படம், வெள்ளி விளக்கு. அட்டிகை இருந்த சந்தனப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கருப்பட்டி, அதன்மேல் விபூதிக் கிண்ணம்.

“கருப்பட்டியைத் தொட்டுராதம்மா” என்று பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல். “சுவாமிக்குப் படைச்சது. ராத்திரி ரயில்ல மெட்ராஸுக்குக் கொண்டுபோகணும்.”

நீலாம்பாள். கார்த்திகேசனுக்கு அக்கா. நிச்சயதார்த்தத்துக்காக மெட்ராஸிலிருந்து வந்தவர். காப்பி டம்ளரை நீட்டிய கையில், ஆள்காட்டி விரல் நுனியில் தேன் தடவியிருந்தது.

“நேத்து வெந்நீர் கொடுத்தது நீங்கதானே?”

“நான்தாம்மா கொடுத்தேன். பாவம், நல்ல பிள்ளையாட்டம் இருந்தான். வாங்கிட்டு எங்கன போனான்னு நான் பாக்கலை.” அவர் கண்கள் தரையைப் பார்த்தன. “வயித்துல பிள்ளை இருக்காமே அவன் பெண்டாட்டிக்கு?”

“ஏழாம் மாசம்” என்றான் நூகு.

பார்கவி காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். “சீனியா? உங்க வீட்டுல கருப்பட்டிக் காப்பிதான்னு ஊரே சொல்லுமே?”

“நேத்து உடன்குடியில இருந்து ஒரு பெட்டி வந்திருக்கு. சின்னவன் தொடக்கூடாதுன்னுட்டான்.”

“சம்பந்தி வீட்டுக்கு வாங்கினது” என்று வாசலில் இருந்து சத்தம் போட்டார் ஞானசம்பந்தன். “அதை எதுக்குப் பிரிக்கணும்?”

பார்கவி நூகுவைப் பார்த்தாள். நூகு காப்பியைப் பார்த்தான்.

*

கான்டெசாவின் டிக்கி திறந்ததும் உள்ளே ஆம்ப்ளிஃபயர் தெரிந்தது. ஒரு பெரிய இரும்புப் பெட்டி, தரையோடு முடுக்கப்பட்டு, மேலே வரிவரியாக அலுமினியப் பட்டைகள். இரண்டு பக்கமும் கையகல விசிறிகள். பட்டைகளுக்கு நடுவில் ரூபாய்க் காசு அளவில் ஒரு சுவிட்ச். அதிலிருந்து ஓடிய வயர் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் முடிந்தது.

“அந்தக் கறுப்புப் பெட்டிதான் ரிலே” என்றான் நூகு. “காசு மாதிரி இருக்குல்லா, அது சூட்டைக் கண்டா ரிலேக்குச் சொல்லும். ரிலே பேட்டரியில இருந்து ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும். எங்க லாத்தா கோபப்பட்டா மச்சான் எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறக்க மாதிரி.”

“சாவி போட வேண்டாமா?”

“வேண்டாம். வண்டியை நிறுத்தினாலும் சூடு ஆறுற மட்டும் சுத்தணும்லா? அதான் நேரா பேட்டரி.”

பார்கவி உள்ளே திரும்பி, “அம்மா, எனக்கும் ஒரு டம்ளர் வெந்நீர்” என்றாள்.

ஆவி பறக்கும் எவர்சில்வர் டம்ளரை அந்தச் சுவிட்சின் மேல் வைத்தாள். ஞானசம்பந்தன் நடப்பதை நிறுத்தினார். கார்த்திகேசன் குனிந்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ‘டிக்’.

இரண்டு விசிறிகளும் ‘கொய்ங்’ என்று சுற்ற ஆரம்பித்தன.

“வேலையைச் சரிபார்க்க பாட்டைப் போட்டு ஆம்ப் கொதிக்கிற வரைக்கும் காத்திருக்க முடியுமா? அதுக்குத்தான் வெந்நீர்” என்றாள் பார்கவி.

“வெந்நீருக்கு ஜாமீன் கிடைச்சாச்சு. இனி மச்சானுக்கு?” என்றான் நூகு.

கார்த்திகேசன் மெதுவாகத் தலையை ஆட்டினார். “சரிம்மா. வெந்நீர் எதுக்குன்னு தெரிஞ்சுது. அட்டிகையை எடுக்கலைன்னு அது சொல்லலையே.”

“அது சொல்லாதுதான்.”

“வேலையாவது ஒழுங்கா செஞ்சானா?” ஞானசம்பந்தனுக்குக் குரல் திரும்பிவிட்டது. “நேத்து மத்தியானம் நானும் அக்காவும் திருச்செந்தூர் போனோம். போகையில சத்தமில்லை. திரும்பி வாரப்போ ஸ்ரீவைகுண்டம் ரயில்வே கேட்டுல வண்டியை நிறுத்தினா, டிக்கிக்குள்ள கொய்ங்குன்னு சத்தம். வீடு வந்து சேர்ந்தும் சுத்திக்கிட்டு இருக்கு. பாட்டே போடலை! தானா சுத்துது! இதுதான் அவன் வேலை பார்த்த லட்சணம்.”

பார்கவி நிமிர்ந்தாள்.

“பாட்டே போடலையா?”

“எங்கே போட? செட்டு ஓடவே இல்லை.”

நூகு ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்த்தான். “ஓடாது. ஆம்புக்கு உள்ள பியூஸே இல்லை. பழசு எரிஞ்சு போச்சு, சரியான பியூஸ் கடையில இல்லை, நாளைக்குக் கொண்டாரேன்னு மச்சான் சொல்லிட்டுத்தான் வந்திருக்காவ. புதுசு மச்சான் சட்டைப் பையில கிடந்துது. போலீஸ்காரங்க அதையும் எடுத்து மேசையில வச்சிருக்காவ, என்னமோ வெடிகுண்டு மாதிரி.”

“அப்போ ஆம்ப் சூடாக வழியே இல்லை” என்றாள் பார்கவி.

“வெயில்” என்றார் ஞானசம்பந்தன்.

“போகும்போதுதான் உச்சி வெயில். அப்ப சுத்தலை. திரும்பும்போது பொழுது சாய்ஞ்சாச்சு. அப்ப சுத்தியிருக்கு. வேலையில கோளாறு இல்லை சார். அந்தச் சுவிட்ச் மேல நேத்து சாயங்காலம் யாரோ சூடா ஒரு டம்ளர் வச்ச மாதிரி ஏதோ நடந்திருக்கு. வர்ற வழியில எங்கெல்லாம் வண்டி நின்னுது?”

“உடன்குடிக்கு ஒரு சுத்து சுத்திப் போனோம். கருப்பட்டி வாங்க.”

சொன்ன பிறகுதான் ஞானசம்பந்தன் வாயை மூடினார். பார்கவி மூடவில்லை.

“கடையிலயா?”

“கடையில எவன் வாங்குவான்? கருப்பட்டி காய்ச்சுற இடத்துலயே போய்.”

“அடுப்புல இருந்து இறக்கினது?”

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். நூகு பார்கவியின் காதருகே வந்தான். “அக்கா, கொதிக்கிற பாகுக்குள்ள எதைப் போட்டாலும் மூழ்கிரும். ஆறினா கல்லு. உடைச்சுப் பாக்காம உள்ள என்ன இருக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்.”

“தொடக்கூடாதுன்னு சொன்ன பெட்டி எங்கே?” என்றாள் பார்கவி.

*

அம்மிக் குழவி நூகுவின் கையில் இருந்தது. முற்றத்தில் ஓலைப் பெட்டி பிரிந்து கிடந்தது. ஞானசம்பந்தன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடியில் தலைகள் முளைத்தன. கார்த்திகேசன் மட்டும், “உடைக்கட்டும்லே” என்றார்.

முதல் கருப்பட்டி. வெறும் கருப்பட்டி. அடுத்தது. அதற்கடுத்தது. எல்லாம் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுத்தவை. ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. குழவி பட்டதும் உருண்டை சிதறிற்று, பனை வாசம் முற்றத்தை நிறைத்தது. உள்ளே ஒன்றுமில்லை. கடைசிக் கருப்பட்டியில் ஒரு துண்டு நார் கிடைத்தது.

“அட்டிகை அகப்பட்டுதா?” ஞானசம்பந்தன் வேட்டியை மடித்துக் கட்டினார். “சம்பந்தி வீட்டுக்கு இனி தூளைக் கொண்டுபோய்க் கொடுக்கவா? ஏலே, குழவியைக் கீழ வை. என்னைக் கள்ளன்னு நினைச்சியா?”

நூகு குழவியைக் கீழே வைத்தான். சிதறிய தூளைக் கையால் கூட்டி ஓலைப் பெட்டியில் அள்ள ஆரம்பித்தான். வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சுவிசேஷமுத்து இறங்கினார். மேற்கே தெரிந்த சூரியனை ஒரு பார்வை, பார்கவியை ஒரு பார்வை.

“என்னம்மா?”

“இன்னும் சாயலை சார்” என்று சொல்லிவிட்டுப் பார்கவி வெளியே நடந்தாள்.

டிரைவர் சுடலையாண்டி கான்டெசாவின் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்துக் கொண்டிருந்தான்.

“சுடலை, அந்தக் கருப்பட்டிப் பெட்டியை நேத்து எங்கன வச்சே?”

“பின்சீட்டுலம்மா. பெரியம்மா பக்கத்துல.”

பார்கவிக்குச் சுரீர் என்றது. பெட்டி டிக்கியில் இருந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. அவளாக நினைத்துக்கொண்டாள்.

“அப்போ டிக்கியில?”

“டிக்கியில பெரியம்மாவோட வெண்கலக் கும்பா மட்டுந்தான். சுவாமிக்குன்னு தனியா கும்பாவுல பாகு வாங்கினாவ. வண்டி குலுங்குனா சிந்திரும், ஆடாத இடமா காட்டுலேன்னு கேட்டாவ. அந்தப் பாட்டுப் பெட்டி தரையோட முடுக்கியிருக்கு, ஆடாதுல்லா? அது மேல வையுங்கம்மான்னு நான்தான் சொன்னேன். என்னைப் பைய இளநி வாங்கிட்டு வரச் சொல்லிட்டு, அவங்களே வச்சு மூடினாவ.”

“இதை ஏன் போலீஸ்ல சொல்லலை?”

“அவங்க மைதீன் எங்கன நின்னான், எந்தக் கையால டம்ளரை வாங்கினான்னு கேட்டாவ. கும்பாவைப் பத்தி யாரு கேட்டா?”

பார்கவி ஓடினாள்.

சிரட்டைக் கருப்பட்டிக்கு ஒரு பக்கம் உருண்டை. அதன்மேல் விபூதிக் கிண்ணத்தை வைத்தால் வழுக்கிக் கீழே விழும். ஆனால் கொஞ்சம் முன்னால் அந்தக் கிண்ணம் ஒரு கருப்பட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் தட்டையான கருப்பட்டி. அடி தட்டையான கும்பாவில் உறைந்து பிறந்த கருப்பட்டி. தன் கண்ணால் பார்த்துவிட்டு, சீனிக் காப்பியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் ஓடியிருக்கிறாள்.

பூஜை அறையில் விபூதிக் கிண்ணம் தரையில் இருந்தது. கருப்பட்டி இல்லை.

கொல்லைக் கதவுப் பக்கம் ஆட்டோ ஒன்று உறுமியது. நீலாம்பாள் கையில் துணிப்பையோடு படியிறங்கிக் கொண்டிருந்தார்.

“அம்மா.”

அவர் நின்றார். திரும்பவில்லை.

“சுவாமிக்குப் படைச்சதுல எனக்கும் ஒரு துண்டு பிரசாதம் கொடுப்பீங்களா?”

ஆட்டோக்காரன் இஞ்சினை அணைத்தான். பின்னால் கார்த்திகேசனும் ஞானசம்பந்தனும் இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

“தேன் தடவின விரல் எப்படி வெந்தது?” என்றாள் பார்கவி, தணிந்த குரலில். “பாகு தடிச்சுப் போய் நகை மேலேயே நின்னுதா? அமுக்கிவிட வேண்டியிருந்ததா?”

நீலாம்பாள் படியிலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தக் கருப்பட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இப்போது பார்த்தால் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அது சிரட்டையில் பிறந்ததில்லை என்று.

“இது அம்மா எனக்குப் போட்டது” என்றார். “என் கழுத்துல போட்டுத்தான் மணமேடையில உக்கார வச்சா. அம்மா போன பிறகு தம்பி வந்தான். அக்கா, கடைக்குப் பண முடை, ஒரு மாசம் கொடு, திருப்பித் தாரேன்னான். அவன் மக பிறந்து இன்னிக்கு அவளுக்கு நிச்சயமும் ஆயாச்சு. அந்த மாசம் இன்னும் முடியலை. மேடையில அவ கழுத்துல பாத்தேன். எல்லாரும் பாட்டி நகை, பாட்டி நகைங்காங்க. ஒருத்தராவது அது நீலா நகைன்னு சொல்லலை.”

கார்த்திகேசன் நெற்றியில் இருந்த விபூதி வியர்வையில் கரைந்தது.

“அதுக்காக எங்க மச்சானை உள்ள தள்ளுவீங்களா?” என்றான் நூகு.

“மெட்ராஸ்ல இறங்கினதும், நான்தான் எடுத்தேன்னு போன்ல சொல்லிரலாம்னு இருந்தேன். மெட்ராஸ் போய்ச் சேர்ந்துட்டா அவங்களால கேக்க முடியாதுல்லா?”

“நீங்க மெட்ராஸ் போய்ச் சேருற நேரத்துக்கு துபாய் பிளேன் போயிருக்கும்மா. மச்சான் போயிருக்க மாட்டாவ.”

நீலாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இதை அவர் யோசிக்கவே இல்லை என்பது தெரிந்தது. அவருக்குத் தெரிந்த பயணம் ரயில் மட்டும்தான். விட்டால் நாளை இன்னொன்று வரும்.

நூகு குழவியை எடுத்துவந்தான். ஆனால் உடைக்காமல் அவரிடமே நீட்டினான். அவர் ஒரே தட்டு தட்டினார். பிளந்த பழுப்புக்குள் சிவப்பு மினுங்கியது. ஒரு கல் மட்டும் கழன்று கருப்பட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, புகார் என்ன செய்ய?” என்றார் சுவிசேஷமுத்து.

“வீட்டு நகை வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு” என்றார் கார்த்திகேசன், அக்காவைப் பார்க்காமல். “புகார் இல்லை.”

“அது உங்க குடும்பத்துக்கு” என்றாள் பார்கவி. “மைதீனுக்கு? திருவனந்தபுரம் பஸ் போயாச்சு.”

கார்த்திகேசன் மடியில் இருந்து கான்டெசா சாவியை எடுத்தார். சுடலையாண்டியைக் கூப்பிடப் போனவர், நின்று, நூகுவின் பக்கம் திரும்பினார். “அவன்கிட்ட நானே வந்து சொல்லணும். ஏத்திக்கிடுவானா, என் காருலயே என்னை?”

“இடம் இருக்கும் அண்ணாச்சி” என்றான் நூகு. “டிக்கியிலதான் கருப்பட்டி ஏத்தக்கூடாது.”

கார் கிளம்பிப் போனது. பார்கவி திரும்பிப் பார்த்தபோது படியில் நீலாம்பாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். அட்டிகையை அவரும் தொடவில்லை, ஞானசம்பந்தனும் தொடவில்லை. அதன்மேல் எறும்பு வரிசை ஏற ஆரம்பித்திருந்தது.

*

பார்கவி வீட்டு டெலிபோன் அலறியபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மறுமுனையில் லாரிச் சத்தம், பரோட்டாக் கல்லைத் தட்டும் சத்தம்.

“அக்கா, வள்ளியூர் எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசுதேன். நேரத்துக்குப் போயிருவோம். சுடலை பறக்குதான்.”

“மைதீன்?”

“பின்சீட்டுல, அண்ணாச்சிக்குப் பக்கத்துல. ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல இருந்து நாங்குநேரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. எனக்கே மூச்சு முட்டிட்டு. பொறவு மச்சான் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாவ. கோவிச்சுக்கிட்டு நடந்தே போயிருவாவளோன்னு பயந்துட்டேன். போய் டிக்கியைத் திறந்து, பையில இருந்த பியூஸை மாட்டிட்டு வந்து உக்காந்தாவ. ‘ஒத்துக்கிட்ட வேலையைப் பாதியில விட்டுட்டுப் போகக்கூடாதுல்லா அண்ணாச்சி’ன்னாவ. அண்ணாச்சி அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாவ. விடலை.”

பார்கவி ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். தூரத்தில், லாரிச் சத்தத்துக்கு நடுவே, காருக்குள் ஒரு நாகஸ்வரக் கேசட் முழுச் சத்தத்தில் கேட்டது.

“அக்கா, ஒரு நிமிஷம்” என்றான் நூகு. அவன் பூத் கதவைத் திறந்து ரிசீவரை வெளியே நீட்டியிருக்க வேண்டும். “கேக்குதா? இப்பத்தான் டிக்குன்னுது. விசிறி சுத்துதுக்கா. இந்தத் தடவை பாட்டுக்குத்தான்.”